கேள்வி மேடை: சமயம் ஒரு கல்லூரிப் பாடமா?

தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்கள் பலருக்குச் சமண, பௌத்த சமயங்களின் அடிப்படைச் சொற்கள்கூடத் தெரிவதில்லை என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கிடையே எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தமையால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகள் வரலாற்றில் இளங்கலை முடித்துவிட்டு, முதுகலையில் சமயங்களின் ஒப்பியல் படிப்பில் சேரவேண்டும் என்கிறாள். கோயிலில் கும்பிட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதைப் பணம் கட்டிப் படிப்பானேன் என்று அவள் தந்தை கேட்கிறார். எனக்கும் அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: தங்கள் மகள் வரலாறு படித்தவர் என்பதால் ஒரு கல்வெட்டிலிருந்தே தொடங்குகிறேன். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்றொரு சிறு குன்று உள்ளது. அங்குள்ள பாறையொன்றில் சமணர்கள் தம் அருகராகப் போற்றும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருகிலேயே மிகச் சுருக்கமான ஒரு கல்வெட்டு. ஐம்பத்தேழு நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்பது அதன் செய்தி. தமிழ்க் கல்வெட்டுகளில் ஐகார எழுத்து முதன்முதலாகக் காணப்படும் இடம் என்று எழுத்தியல் வகுப்பில் இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாணவர்களும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த மனிதர் ஏன் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்தார் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

அனசனம் என்றால் உண்ணாமை. நிசீதிகை என்றால் அவ்வாறு நோற்று உயிர்நீத்தவரின் நினைவிடம். சமணத்தில் இதைச் சல்லேகனை என்பார்கள். முதுமையாலோ தீராத நோயாலோ உடல் இனி அறத்துக்கு உதவாது என்ற நிலையில், ஆசிரியரின் ஒப்புதலோடு உணவைப் படிப்படியாகக் குறைத்து, பகையும் பற்றும் நீங்கிய மனத்தோடு உடலை விடுவது அது. சாகவேண்டும் என்ற ஆசையோடு செய்தால் அந்த நோன்பே பழுதுபட்டுவிடும் என்பது சமணரின் கொள்கை. கொலையும் கொல்லாமையும் வினையும் குறித்து அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரியாதவர், இந்தக் கல்வெட்டைப் பட்டினியால் இறந்த ஒருவரின் செய்தி என்று படித்துவிட்டுப் போய்விடுவார். சங்ககாலக் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததற்கும், அதாவது வடக்கு நோக்கி உண்ணாமலிருந்து உயிர்விட்டதற்கும், இதற்கும் எந்த அளவு உறவு, எங்கே வேறுபாடு என்ற கேள்விகூட அவருக்குத் தோன்றாது.

இது பழங்கதையும் அன்று. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், அங்கே சந்தாரா என்று வழங்கும் இதே நோன்பைத் தற்கொலையாகக் கருதி நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சமணர்கள் ஊர் ஊராக அமைதி ஊர்வலம் சென்றார்கள். அந்த மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஒரு வழக்கறிஞரோ, செய்தியாளரோ, முதியோர் மருத்துவம் பார்க்கும் மருத்துவரோ இந்த வழக்கைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்குமுன் தெரிந்துகொள்ளவேண்டியது, திருநாதர்குன்றுப் பாறையில் எழுதியிருப்பதைத்தான். கோயிலில் கும்பிடுவதால் நம் சமயத்தின் பழக்கம் வரும். அடுத்தவர் எதை நம்பி இப்படி வாழ்கிறார், இப்படிச் சாகிறார் என்ற அறிவு அங்கே வராது. கும்பிடுகிறவர்களில் பலருக்குத் தம் கோயில் வழிபாடு சைவ ஆகமங்களில் காமிகாகமப்படி நடக்கிறதா, காரணாகமப்படி நடக்கிறதா என்பதே தெரியாது என்பதையும், தங்கள் கணவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: இதெல்லாம் சரி, வேலை கிடைக்குமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: பொறியியல் பட்டத்தைப்போல நேராக ஒரு வேலைக்குக் கொண்டுபோய்விடும் படிப்பு இதுவன்று. இதை மறைத்து ஆள்சேர்ப்பது முறையாகாது. ஆசிரியப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில் சமயங்களின் ஒப்பியல் ஆய்வு தனிப்பாடமாக இருக்கிறது. ஆனால் அத்துறைகள் உள்ள பல்கலைக்கழகங்கள் குறைவு, காலியிடங்கள் அதைவிடக் குறைவு. பஞ்சாபில் பாட்டியாலாவிலுள்ள பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் சமய ஆய்வுக்கென ஒரு துறை நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம், இஸ்லாம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகளோ மையங்களோ உண்டு. சேரும்முன் அந்த ஆண்டு சேர்க்கை நடக்கிறதா, வகுப்பெடுக்க எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை நேரில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவுசெய்யவேண்டாம்.

வேறு வேலைகளுக்குத் துணையாக இப்படிப்பு பயன்படும். குடிமைப்பணித் தேர்வில் தத்துவத்தை விருப்பப்பாடமாக எடுப்பவர்களுக்குச் சமயத் தத்துவம் பாதித் தாளை அடைத்துக்கொள்கிறது. அறநிலையத் துறையின் செயல் அலுவலர் பணிக்குத் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் சைவமும் வைணவமும் தனித்தாளாகவே உள்ளன. அந்தத் தேர்வுக்காக இரண்டு மாதத்தில் குறிப்பேடு மனப்பாடம் செய்தவரும், முறையாகப் படித்தவரும் ஒரே நாற்காலியில் உட்காரலாம். ஆனால் வைணவக் கோயில் வழிபாட்டுக்கான இரண்டு ஆகமங்களில், திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் வைகானசமும் திருவரங்கத்தில் பாஞ்சராத்திரமும் பின்பற்றப்படுவதன் பொருள் என்ன, ஒன்றில் செல்லும் வழக்கம் மற்றொன்றில் ஏன் செல்லாது என்ற சிக்கல் கோப்பில் வந்து நிற்கும்போது இருவருக்குமிடையிலான வேறுபாடு தெரிந்துவிடும்.

கேள்வி: நம் நாடு மதச்சார்பற்ற நாடு. அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரியில் சமயத்தைப் பாடமாக வைப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணாகாதா? (ஒரு வழக்கறிஞர், மதுரை)

பதில்: தங்களுக்குத் தெரியாததன்று, மற்ற வாசகர்களுக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியால் நடத்தப்படும் நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் மற்ற நிறுவனங்களில், மாணவரின் ஒப்புதல் இல்லாமல், அவர் சிறுவயதினராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல், சமய போதனையில் அவரைக் கலந்துகொள்ளச் செய்யக்கூடாது என்கிறது. தடுக்கப்படுவது போதனை, ஆய்வு தடுக்கப்படவில்லை. 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் பல்கலைக்கழகம் ஆராய்வது சமய போதனை ஆகாது என்று உச்சநீதிமன்றம் கருதியது. 2002இல், பள்ளிக் கலைத்திட்டம் குறித்து அருணா ராய் தொடுத்த வழக்கிலும், சமயங்களைப் பற்றி அறிவூட்டுவதும் ஒரு சமயத்தின் வழிபாட்டையும் கோட்பாட்டையும் பயிற்றுவிப்பதும் வெவ்வேறு என்ற நிலையையே எடுத்தது. அதற்கும் நெடுநாள் முன்பே, 1948-49இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பின் முதலாண்டில் சமயப் பெரியோர்களின் வரலாறும், இரண்டாமாண்டில் சமய நூல்களிலிருந்து பொதுமை வாய்ந்த பகுதிகளும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் முக்கியச் சிக்கல்களும் பாடமாகலாம் என்று பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரை பெரும்பாலும் நூலகத்திலேயே தங்கிவிட்டது.

சட்டம் வரைந்த கோடு தெளிவாகவே இருக்கிறது. வகுப்பறையில்தான் அது மங்கிவிடுகிறது. சமய வரலாறு நடத்துகிறேன் என்று தொடங்கிப் பிரசங்கத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், நையாண்டியில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். மறுபுறம், சமயப் பாடம் வேண்டாதவர்களுக்கென்று சில கல்லூரிகளில் வாரம் ஒருமணி நேரம் நடக்கும் நீதிபோதனை வகுப்பு எத்தகையது என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பொய் சொல்லாதே என்று பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, ஏதேனும் ஒரு சமயத்தை வேர்வரை படிக்கவைப்பது மேல் என்பது என் கருத்து.

கேள்வி: வீட்டில் தினமும் தேவாரம் ஓதும் குடும்பம் எங்களுடையது. மற்ற சமயங்களை ஆராய்ச்சி நோக்கில் படித்தால் என் நம்பிக்கை ஆட்டங்கண்டுவிடும் என்று தாத்தா அஞ்சுகிறார். அப்படி நேருமா, ஐயா? (ஒரு மாணவர், மயிலாடுதுறை)

பதில்: தம்பி, தாத்தாவின் அச்சத்தைச் சிரித்து ஒதுக்காதே. கேள்வி கேட்டுப் பழகிய மனம் தன் வீட்டுப் பக்கமும் திரும்பத்தான் செய்யும். நீ வளர்ந்த நம்பிக்கை உன்னிடம் அதே வடிவில் நிற்கும் என்று நான் உறுதி சொல்லமுடியாது. ஆனால் உன் ஊருக்கு அருகிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

உ.வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தின் நிழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். நெற்றியில் நீறின்றி அவரைக் கண்டவர் இல்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. பிறகு அந்நூலின் கையெழுத்துப் பிரதி இவர் கைக்கு வந்தபோது, தமிழில் கரைகண்டவர் என்று பெயரெடுத்த அந்த ஆசிரியருக்கு அதன் பல இடங்கள் விளங்கவில்லை. சொற்கள் தமிழ்தான், அவற்றுக்குப் பின்னால் இருந்த உலகம் சமணருடையது.

அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்ந்த தெருவைத் தேடிப் போனார். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி விசேடம்போல் இருந்தது. காரணம் கேட்டால், சில மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்துப் பொருள் கேட்டுவந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்றார்கள். தமிழ்ப் புலவர்கள் கைவிட்ட ஒரு நூல், நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டில் பண்டிகையாக நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டாரிடமே அவர் தம் ஐயங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. மணிமேகலைக்காகப் பௌத்தத்தை அதேபோல் வருந்திக் கற்று, 1898இல் அந்நூலோடு புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் எழுதிச் சேர்த்தார். கடைசிவரை அவர் சைவராகவே இருந்தார்.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதையொத்த ஒரு செவிவழிச் செய்தி உண்டு. சிந்தாமணிக்கு அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். அவர்களிடையே தங்கி அவர்கள் நூல்களைக் கற்ற பிறகு மறுபடி எழுதினாராம். நடந்ததோ இல்லையோ, தமிழ் உரைமரபு தன் ஆசிரியர்களிடம் எதை எதிர்பார்த்தது என்பதை அந்தக் கதை காட்டிவிடுகிறது. தாத்தாவுக்கு இந்த இரண்டையும் சொல்லிப் பார்.

கேள்வி: சமயங்களைத் தள்ளி நின்று ஆராய்வது மேல்நாட்டார் கொண்டுவந்த பழக்கம்தானே? நம் சமயத்தைக் குறைகூறவே அது தொடங்கியது என்கிறார்களே? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: பாதி உண்மை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, மதம் பரப்பத்தான் வந்தார். ஆனால் மறுப்பதற்கு முன் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். ஒருவகையில் இந்தப் பகுதியைப்போன்றதொரு கேள்வி பதில்தான் அது. கேட்டவர் பாதிரியார், பதில் சொன்னவர்கள் நம்மவர்கள். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலை ஐரோப்பாவிலிருந்த அவருடைய மேலாளர்கள் அச்சிட விரும்பவில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. குறைகூறுவதற்காகக் கற்கப் புகுந்தவர், கற்றதாலேயே தம் மக்களுக்கு உவப்பில்லாதவராகிவிட்டார்.

மற்றப் பாதி நம்மிடம் இருக்கிறது. மணிமேகலையில் இருபத்தேழாம் காதை முழுவதும் இதுதான். வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பத்துப் பேரிடம் சென்று, உம் கொள்கை யாது என்று மணிமேகலை கேட்கிறாள். அதுவும் மாதவன் வேடத்தில், அதாவது ஆண் துறவியாக. இளம்பெண்ணுக்கு எவரும் தத்துவம் சொல்லமாட்டார்கள் என்பது அன்றைய நிலை. தஞ்சாவூர் அம்மையார் இந்த இடத்தைத் தம் மகளுக்குப் படித்துக்காட்டலாம். சைவத்திலும் சிவஞான சித்தியார் என்னும் நூல், பிறர் கொள்கை கூறும் பரபக்கத்தில் பதினான்கு மதங்களை எடுத்துவைத்துவிட்டுத்தான் தன் கொள்கை கூறும் சுபக்கத்துக்கு வருகிறது. மறுப்பதற்காக எடுத்துவைப்பது என்பதால் அங்கே நடுநிலையை எதிர்பார்க்கக்கூடாது. என்றாலும், எதிராளியின் கொள்கையைச் சொல்லத் தெரியாதவனுக்கு மறுக்கும் உரிமை இல்லை என்ற ஒழுங்கு அங்கே இருந்தது.

அந்த ஒழுங்கை வகுப்பில் பழக்குவது எளிதன்று. நான் பாடம் நடத்திய காலத்தில் இந்தக் காதையைப் பத்து மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவரவர் பங்கை அந்த வாதியாகவே நின்று ஐந்து நிமிடம் பேசச் சொல்வது வழக்கம். ஆசீவகன் பங்கு கிடைத்த ஒரு மாணவர், எல்லாம் ஊழின்படி நடக்கும் என்று மூடத்தனமாக நம்பியவர்கள் ஆசீவகர்கள் என்று தொடங்கினார். மூடத்தனமாக என்ற சொல்லை ஓர் ஆசீவகர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வாரா என்று கேட்டேன். அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டுவந்தார். இப்போது அந்தச் சொல் இல்லை, ஆனால் பாவம் என்ற தொனி இருந்தது. மூன்றாவது முறைதான், நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்னும் ஐவகை அணுக்களில் தொடங்கி, இவை கூடுவதையும் பிரிவதையும் தடுக்க எவராலும் முடியாது என்பதை அமைதியாகச் சொல்லி முடித்தார். வகுப்பில் ஒருவர், அப்படியானால் சரியாகத்தானே இருக்கிறது என்றார். எனக்கு அன்றைய சம்பளம் செரித்தது.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நான் ஏன் படிக்கவேண்டும்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: மேலே சொன்ன பூதவாதியும், எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்றவர், தங்கள் கட்சிதான்; அவரை மணிமேகலை கேட்காமல் விடவில்லை. நம்பாதவர் நம்புகிறவர்களுக்கிடையே வாக்களிக்கிறார், வாடகைக்குக் குடியிருக்கிறார், சம்பந்தம் செய்துகொள்கிறார். அதுமட்டுமின்றி, தமிழ் படிப்பவருக்குத் தப்பிக்க வழியில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அரபு நாடு மருத நிலமாக வயலும் வாய்க்காலுமாக விரிவது ஏன், வீரமாமுனிவர் சூசையப்பரைக் காப்பியத் தலைவனாக்கியது ஏன் என்று நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை சொல்லியாகவேண்டும்.

கேள்வி: இலங்கையில் நாங்கள் பள்ளியிலேயே சமயத்தைக் கட்டாய பாடமாகப் படிக்கிறோம், உயர்தரத்தில் இந்து நாகரிகம் என்ற பாடமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதற்கான துறையும் உண்டு. தமிழ்நாட்டில் இல்லாதது ஏன்? (ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இங்கே பள்ளிகளில் சமயம் பாடமாகாததற்கு, மேலே சொன்ன 28ஆம் பிரிவும் நம் அரசியல் வரலாறும் காரணங்கள். தங்கள் முறையால் ஒரு நன்மை உண்டு: சாதாரண தரம் என்னும் பள்ளித் தேர்வை முடித்த பிள்ளைக்கு நாயன்மார் வரலாறும் திருமுறைப் பெயர்களும் தெரிந்திருக்கின்றன, இங்கே முதுகலை மாணவர்களிடமும் அதை எதிர்பார்க்க முடிவதில்லை. ஒரு குறையும் உண்டு. சைவப் பிள்ளை சைவத்தையும், பௌத்தப் பிள்ளை பௌத்தத்தையும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாத்தையும், கிறித்தவப் பிள்ளை கிறித்தவத்தையும் ஒரே மணிநேரத்தில் தனித்தனி அறைகளில் படிக்கிறார்கள். தங்கள் நாட்டில், அறை மாறி உட்கார்வது இங்கேவிட இன்னும் அவசியம் என்று நினைக்கிறேன். அதைச் செய்யக்கூடிய இடம் பல்கலைக்கழகம்தான்.

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இனிக் கல்லூரியில் சேர இயலாது. எங்கிருந்து தொடங்கலாம்? (ஒரு வாசகர், திண்டிவனம்)

பதில்: தாங்கள் கொடுத்துவைத்தவர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் பக்கத்தில்தான் மேல்சித்தாமூர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் அங்கே உள்ளன. முதலில் அங்கே போய், படித்தது எதையும் சொல்லாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். மாலையில் பொழுது சாய்ந்த பின் அவர்கள் உண்பதில்லை. ஆகவே காலையிலேயே செல்வது நல்லது. மறுநாள் திருநாதர்குன்று. ஏறுவதற்கு அதிக நேரம் ஆகாது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் பாறை எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடாது. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது போனால், அந்த ஐகாரத்தைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.